ஷாக் அப்சார்பர் மாறினால் கார் மாறுமா?

சாலைப் பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை உடனே திருப்பியும் கொடுக்கிறது. அடக்க வேறொன்று இல்லாவிட்டால், ஒரு குழியில் இறங்கி ஏறிய கார் வெகுதூரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். இந்த ஆட்டத்தை அடக்கும் உறுப்புதான் டாம்பர். ஒர்க்‌ஷாப்புகளில் ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், சிறு துளைகள் கொண்ட வால்வு ஆகியவை இருக்கும். சக்கரம் அசையும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. சீல் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ டாம்பர் வலுவிழக்கும். அதன் பிறகு பிரேக் பிடித்தால் கார் முன்பக்கம் குனியும். மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும். வளைவில் வண்டி ஓட்டுபவரின் சொல் கேட்காது.

தினமும் ஓடும் காருக்கு இது வெறும் பராமரிப்புச் செலவு. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. தத்துவம் பேச அங்கே இடமில்லை. ஐம்பது அறுபது வயதான காரின் நிலை வேறு. இன்ன ஆண்டில், இன்ன தொழிற்சாலையில் பிறந்த கார் என்பதற்காகவே அது காப்பாற்றப்படுகிறது. அதன் தேய்ந்த டாம்பரை நீக்கிவிட்டு, அதைவிட மேலான வேறு வகையை மாட்டினால் மிஞ்சுவது அந்தக் காரா, அதன் சாயலில் ஓடும் இன்னொன்றா? உறுப்புகள் மாறிய பிறகும் ஒரு பொருள் அதுவாகவே நீடிக்கிறதா என்ற கேள்வி காரைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. டாம்பர் விஷயத்தில் அதற்கு ஒரு கூடுதல் சிக்கல் சேர்கிறது. இங்கே ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவதோடு, வருவது போனதைவிடச் சிறந்ததாகவும் இருக்கிறது.

தொடக்க காலக் கார்களின் டாம்பரில் எண்ணெயே கிடையாது. தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அவை உரசும் உராய்வால் ஆட்டத்தை அடக்கினார்கள். ஃபிரான்ஸின் ட்ரூஃபோ வடிவமைத்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு பரப்பிய வகை அது. அடுத்து எண்ணெய்க்குள் சுழலும் தகடுகளைக் கொண்ட ஹூடேய் டாம்பர் வந்தது. 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் இருந்தது இதுதான். பிரிட்டிஷ் கார்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது லீவர் ஆர்ம் வகை. சேஸியில் போல்ட் போட்ட ஒரு சிறு வார்ப்புக் கூடு, அதிலிருந்து நீளும் ஒரு கை, கை அசைய உள்ளே பிஸ்டன் எண்ணெயை அழுத்தும். ஆர்ம்ஸ்ட்ராங், கிர்லிங் இரண்டும் இதில் பெரிய பெயர்கள். இன்று எங்கும் காணப்படும் குழாய் வடிவ டெலஸ்கோபிக் வகை இவற்றை ஓரங்கட்டியது. லீவர் ஆர்மில் பிஸ்டன் நகரும் தூரம் குறைவு, எண்ணெயும் கொஞ்சம், ஆகவே அழுத்தம் அதிகம். நீண்ட நேரம் மோசமான சாலையில் ஓடினால் எண்ணெய் சூடேறி அடக்கும் வலு குறையும். டெலஸ்கோபிக் வகையில் பிஸ்டன் கிட்டத்தட்டச் சக்கரம் நகரும் அளவுக்கே நகர்கிறது. அதிக எண்ணெய் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிறது.

கேள்வியை நேரில் நிறுத்திப் பார்க்க எம்ஜிபி ஏற்ற கார். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் கார், கடைசிவரை முன்னும் பின்னும் லீவர் ஆர்ம் டாம்பரோடே வந்தது. பின்பக்கம் மாற்றுவது எளிது. பழைய டாம்பரின் போல்ட் துளைகளிலேயே ஒரு பிராக்கெட்டைப் பொருத்தி டெலஸ்கோபிக் டாம்பரை மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். முன்பக்கம் கதை வேறு. அங்கே டாம்பரின் கையே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் இருக்கிறது; அதை எடுத்துவிட்டால் சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே சிலர் புதிய மேல் கையையே செய்து பொருத்துகிறார்கள். வேறு சிலர் பழைய டாம்பரின் வால்வைக் கழற்றி, கூட்டையும் கையையும் வெறும் மூட்டாக விட்டுவிட்டு, பக்கத்தில் டெலஸ்கோபிக் டாம்பரை வைக்கிறார்கள். பழைய உறுப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் தொழில் மட்டும் போய்விட்டது.

செய்யக்கூடியவற்றை வரிசையாக வைத்தால் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். எண்ணெய் மாற்றுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கூட்டைத் துளைத்துப் புது புஷ்ஷும் ஆயில் சீலும் போடுவது பழுதுபார்ப்பு. அதே கூட்டுக்குள் கூடுதல் இறுக்கமான வால்வை வைப்பது? வெளியே பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது, ஓட்டினால் தெரியும். பின்பக்க டெலஸ்கோபிக் டாம்பரோ கீழே குனிந்து பார்த்தாலே தெரியும், ஆனால் மிதமான இறுக்கத்தில் அமைத்தால் காரின் ஓட்டம் அதிகம் மாறாது. உலோகத்தை வைத்து அளந்தால் ஒரு கோடு, தோற்றத்தை வைத்து அளந்தால் இன்னொரு கோடு, நடத்தையை வைத்து அளந்தால் மூன்றாவது கோடு. ‘ஒரிஜினல்’ என்று ஒரே சொல்லால் கார் உலகம் இம்மூன்றையும் குறிப்பதால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

கிரேக்கத்தில் இதே வாதத்தை ஒரு கப்பல் கிளப்பியது. தீசியஸ் பயணம் செய்ததாகச் சொல்லப்படும் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல தலைமுறை பாதுகாத்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டு உறுதியான பலகையைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பல்தான் என்று சிலரும், இல்லை என்று சிலரும் வாதிட்டதாகப் புளூட்டார்க் பதிவு செய்கிறார். 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் மீண்டும் ஒரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸுக்கு இது கற்பனை. பழைய கார் உலகில் நடைமுறை வழக்கு. ஒரு காரிலிருந்து கழிக்கப்பட்ட சேஸியையும் அச்சையும் கொண்டு இன்னொரு கார் எழுப்பப்படுவதும், இரண்டும் ஒரே சேஸி எண்ணுக்கு உரிமை கோருவதும் உண்டு.

பலகைக்குப் பதில் பலகை என்ற உதாரணம் டாம்பருக்கு முழுதாகப் பொருந்தாது. பலகை சும்மா இருக்கும் உறுப்பு. டாம்பர் செயல்படும் உறுப்பு. ஜான் லாக் கொண்டுவந்த வேறுபாடு இங்கே உதவுகிறது. வெறும் பொருட்திரள் ஒன்றின் அடையாளம் அதன் துகள்களில் இருக்கிறது. ஒரு துகள் நீங்கினாலும் அது வேறு திரள். கருவேல மரத்துக்கோ குதிரைக்கோ அந்த விதி செல்லாது. ஒரே உயிரோட்டத்துக்கு உட்பட்ட அமைப்பு தொடரும்வரை துகள்கள் வந்து போகலாம். கடிகாரத்தை லாக் உயிரினத்தோடு ஒப்பிடுவது, உறுப்புகள் ஒரு நோக்கத்துக்காக அமைந்த அமைப்பு என்ற அளவில். அந்தக் கண்ணோடு பார்த்தால், வால்வு எடுக்கப்பட்டு வெறும் கூடாக நிற்கும் லீவர் ஆர்ம் காரின் உறுப்பே அல்ல. டாம்பர் வேலையைச் செய்யும் புதிய குழாய்தான் உறுப்பு. பழமையின் பெயரால் வெற்றுக்கூட்டை விட்டுவைப்பது உலோகத்துக்குச் செய்யும் மரியாதை, காருக்குச் செய்வதல்ல.

இந்தியத் தத்துவ மரபு இதே கேள்வியை வண்டியை வைத்தே கேட்டது. கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாலி நூல் மிலிந்த பஞ்ஹா. தேரில் வந்ததாகச் சொன்ன அரசனிடம், தேர் எது என்று பிக்கு கேட்கிறார். ஏர்க்காலா, அச்சா, சக்கரமா, நுகமா? எதுவுமில்லை. எல்லாம் சேர்ந்ததா? அதுவுமில்லை. இவையெல்லாம் இருக்க, அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் தேர் என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். (அந்தப் பட்டியலில் ஸ்பிரிங்குமில்லை, டாம்பருமில்லை, அக்காலத் தேரில் அவை கிடையாது.) ஏழாம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் சந்திரகீர்த்தி இதை ஏழு முனைகளில் கூர்மையாக்கினார். உறுப்புகளின் தொகுதிதான் தேர் என்றால், கழற்றிக் குவித்த குவியலும் தேராக வேண்டும். வடிவம்தான் தேர் என்றால், அந்த வடிவம் எதன் வடிவம்? கழற்றிப் பெட்டிகளில் அடைத்த ஒரு காரை வாங்கியவருக்கு முதல் வாதத்தின் வலு உடனே புரியும். பௌத்தரின் பதிலில் காருக்கு உள்ளீடான சாரம் எதுவும் இல்லை. ஆகவே டாம்பர் மாறியதால் அந்தச் சாரம் கெட்டுவிட்டது என்று வருந்தவும் ஏதுமில்லை.

இந்தியத் தத்துவத்தின் இன்னொரு மரபினரான வைசேடிகர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். முழுமை என்பது உறுப்புகளுக்கு மேலான தனிப்பொருள் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. ஆடையிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய ஆடை அழிகிறது, எஞ்சிய நூல்களில் புதிய ஆடை பிறக்கிறது. இதன்படி டாம்பரைக் கழற்றிய நொடியில் 1965-ஆம் ஆண்டுக் கார் அழிந்தது. புதியது பூட்டப்பட்டதும் வேறொரு கார் தோன்றியது. தர்க்கம் பிசகவில்லை, ஆனால் எந்தப் பதிவு அலுவலகமும் இதை ஏற்காது.

சமண மரபின் பதில் இரண்டையும்விடப் பயனுள்ளது. தோன்றல், அழிதல், நிலைத்தல் மூன்றும் எந்தப் பொருளிலும் ஒருசேர நிகழ்கின்றன என்கிறது தத்துவார்த்த சூத்திரம். மரபு காஞ்சியோடு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் ஒரு பொற்குடத்தை உருக்கி முடி செய்வதைக் காட்டுகிறார். குடம் வேண்டியவன் துயருறுகிறான். முடி வேண்டியவன் மகிழ்கிறான். பொன் வேண்டியவனுக்கு இரண்டுமில்லை. எம்ஜிபியின் டாம்பர் மாறும்போது இந்த மூவரும் அப்படியே எதிரில் வந்து நிற்கிறார்கள். தொழிற்சாலை விட்ட நிலையைக் காக்க நினைப்பவர் ஒருவர், மலைச்சாலையில் நம்பி ஓட்ட நினைப்பவர் ஒருவர், கார் கையில் இருந்தால் போதும் என்பவர் ஒருவர். மூவரின் உணர்வுக்கும் பொருளிலேயே காரணம் இருக்கிறது. எவரும் மயக்கத்தில் இல்லை. ‘அதே காரா?’ என்பதற்கு விடை சொல்லுமுன் ‘எதாக அதே கார்?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது இந்த மரபின் கொடை.

நீதிமன்றமும் ஒருமுறை இந்தத் தத்துவப் பரீட்சையை எழுத நேர்ந்தது. 1929-லும் 1930-லும் லே மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி கார் ‘ஓல்டு நம்பர் ஒன்’. அதன் பிறகு அது பந்தயங்களுக்காகப் பலமுறை மாற்றப்பட்டது; 1932-இல் புரூக்லண்ட்ஸ் விபத்தில் சிதைந்தது; சாலைக் காராக மீண்டும் கட்டப்பட்டது. 1990-இல் ஒரு கோடி பவுண்டு விலை பேசியபின், இது அந்தக் காரே இல்லை என்று வாங்கியவர் தரப்பு பின்வாங்க, ஹப்பர்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டார் வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1930-இல் வென்ற காரிலிருந்து எஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு மட்டுமே என்பதை நீதிபதி ஆட்டன் ஏற்றார். இருந்தும் அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அறியப்பட்ட வரலாற்றோடு நடந்தன; அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு கார் உலகில் இல்லை; விற்கப்பட்டது உலோகம் மட்டுமல்ல, வரலாறும் சேர்ந்தே. அறுபடாத வரலாறு அடையாளத்தைத் தாங்கும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அரசு விதிகள் இவ்வளவு ஆழம் போவதில்லை; அவற்றிலும் சில விந்தைகள் உண்டு. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க பிரிட்டன் பல ஆண்டுகள் பயன்படுத்திய மதிப்பெண் முறையில் சேஸிக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, எஞ்சினுக்கு 1, தேவை 8. காரின் இதயம் எஞ்சின் என்று பாடம் சொல்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். 40 வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை விலக்கு அளித்த 2018-ஆம் ஆண்டு விதி, சஸ்பென்ஷன் வகையை மாற்றுவது பெரிய மாற்றம் என்றது. பாதுகாப்பை மேம்படுத்தச் செய்தது என்றால் அப்படிக் கொள்ள வேண்டியதில்லை என்றும் சேர்த்தது. மாற்றத்தின் நோக்கமே மாற்றத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்று ஒரு போக்குவரத்து விதி சொல்வது தத்துவவாதிகளும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் 2021-இல் வந்த பழங்கார் பதிவு விதிகள், 50 வயது கடந்து, பெரிய மாற்றமின்றி மூல நிலையில் காக்கப்பட்ட வண்டிகளுக்கே உரியவை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் அடக்கமாகவும் திரும்ப நீக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைப் பின்பற்றுகிறது.

சமயம் தொடர்பான ஒரு பதிலும் உண்டு, அதற்கும் ஒரு வண்டியே சாட்சி. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையானது. புதிதாகக் கட்டிய தேர் 1930-இல் ஓடியது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. மரச்சக்கரமும் முட்டுக்கட்டையும் மட்டுமே இருந்த அமைப்பில் இது பெரிய மேம்பாடு. ஆனாலும் அது தியாகராசரின் ஆழித்தேர் இல்லை என்று வடம் பிடிப்பவர் எவரும் சொல்வதில்லை. கோயில் திருப்பணியிலும் இந்த மனநிலைதான். வழிபாட்டுத் திருமேனியின் சக்தியைக் குடத்து நீரில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் வைத்துப் பூசித்து, வேலை முடிந்து குடமுழுக்கில் திரும்பச் சேர்ப்பார்கள். பழுதான உறுப்பை மாற்றுவது அங்கே குற்றமில்லை. பழுதோடு வைத்து வழிபடுவதே குற்றம். அடையாளம் மரத்தில் இல்லை, வழிபாட்டின் தொடர்ச்சியில் இருக்கிறது. காருக்கு ஆவாகனம் கிடையாது என்பதால் இந்தப் பதிலை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டப்படுவதற்காக இருக்கும் பொருளை ஓட்டத் தகுந்த நிலையில் வைப்பதும் அதன் மரபைக் காப்பதே என்ற அளவில் அது செல்லுபடியாகும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் டாம்பர் விஷயத்தில் சில முடிவுகள் தெளிவாகவே கிடைக்கின்றன. டாம்பர் தேயவே செய்யப்பட்ட உறுப்பு. எண்ணெயும் சீலும் புஷ்ஷும் மாறுவதில் அடையாளக் கேள்வியே எழவில்லை. வகை மாறும்போது கேள்வி எழுகிறது. அப்போதும் சேதம் அடையாளத்துக்குக் குறைவு, சான்றுக்கு அதிகம். லீவர் ஆர்ம் காரை 1960-களின் ஓட்டுநர் எப்படி உணர்ந்தார் என்பதை அறிய இன்றிருக்கும் ஒரே வழி அப்படிப்பட்ட காரை ஓட்டிப் பார்ப்பதுதான். எல்லாக் கார்களும் மேம்படுத்தப்பட்டுவிட்டால் அந்த அறிவு உலகிலிருந்து போய்விடும். ஐந்து லட்சம் செய்யப்பட்ட எம்ஜிபியில் ஒன்று மாறுவதால் அந்த ஆபத்து வராது. உலகில் ஐந்தாறே எஞ்சிய காரில் வரும். ஆகவே அரிய காரின் உரிமையாளருக்குச் சுதந்திரம் குறைவு.

மறுபக்கம், பொதுச்சாலையில் ஓடும் கார் உரிமையாளரின் தனிச்சொத்து மட்டுமல்ல. தேய்ந்த டாம்பரோடு வளைவில் திரும்புவது எதிரே வருபவரின் உயிரையும் பணயம் வைப்பது. மூலத்தன்மை என்ற பெயரில் அதை நியாயப்படுத்த எந்தத் தத்துவமும் துணைக்கு வராது. ஆனால் தேய்ந்ததற்கு மாற்று மேம்பாடுதான் என்பதும் சரியில்லை. ஒழுங்காகப் புதுப்பித்த லீவர் ஆர்ம் டாம்பர் சாதாரண ஓட்டத்துக்குப் போதும். உளுத்த ரப்பர் புஷ்ஷும் வயதான டயரும் செய்யும் குறையை டாம்பர் மீது போட்டு டெலஸ்கோபிக் கிட் வாங்குவோர் பலர். மிகவும் இறுக்கமான டாம்பரை மாட்டி, ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்வோரும் உண்டு. அங்கே நடப்பது மேம்பாடே இல்லை என்பதால் தத்துவக் கேள்விக்கு வேலையுமில்லை.

புதுப்பித்தல் முதல் தெரிவு. அது போதாதபோது, இருக்கும் துளைகளிலேயே பொருந்தி, வெட்டோ வெல்டிங்கோ இன்றித் திரும்பக் கழற்றக்கூடிய மாற்றம் ஏற்கத்தக்கது. சேஸியை வெட்டி முன்பக்க அமைப்பையே மாற்றுவது, காரை வேறு காராக்கும் திசையில் எடுத்துவைக்கும் முதல் அடி. செய்பவர் அதை அப்படியே ஒப்புக்கொண்டு செய்யலாம், பழைய கார் என்ற பெயரில் விற்கக்கூடாது. எந்த வழியானாலும் கழற்றிய டாம்பர்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, எப்போது எதற்காக மாற்றியது என்று எழுதிய தாளோடு காரின் உடைமையாகவே வைத்திருக்க வேண்டும். கார் கைமாறினால் அவையும் அதனோடு போக வேண்டும்.